அடையாளம் காண்பவர்கள்

1982 மார்ச் 8, திங்கட்கிழமை மாலை. பி.பி.ஸி.யின் முதல் சானலில் 'டாக்டர் ஹூ' தொடரின் 'எர்த்ஷாக்' கதை தொடங்குகிறது. பூமிக்கடியில் ஒரு குகை. உள்ளே போனவர்கள் திரும்பவில்லை. தேடிப்போன படைவீரர்களை முகமற்ற இரண்டு கறுப்பு உருவங்கள் ஒவ்வொருவராக உருக்கித் தரையில் கறையாக்குகின்றன. அவை வெறும் இயந்திரங்கள். யாரோ எங்கிருந்தோ இயக்குகிறார்கள். யார் என்ற கேள்வியிலேயே இருபத்தைந்து நிமிஷம் போகிறது. கடைசிச் சில விநாடிகளில் காமிரா அந்த யாரோவின் பக்கம் திரும்புகிறது. வெள்ளி நிற உலோக முகம். தலையின் இருபுறமும் கைப்பிடி போன்ற குழாய்கள். ஸைபர்மேன். ஏழு வருஷமாகத் தொடரில் தலைகாட்டாத எதிரி.

அந்த விநாடியைப் பற்றி அந்தத் தலைமுறை ரசிகர்கள் நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டுத் துள்ளியது, அடுத்த அறைக்கு ஓடிச் செய்தி சொன்னது, மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் இந்த விநாடிக்காகவே காரியங்கள் செய்திருந்தார். படப்பிடிப்பின்போது ஸ்டுடியோவின் பார்வையாளர் மாடத்தை மூடிவைத்தார். 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகையின் அட்டையில் ஸைபர்மேன்கள் வரும் வாய்ப்பு கிடைத்தபோது வேண்டாமென்றார். விளம்பரத்தில் மோகம் கொண்டவர் என்று பெயரெடுத்த ஒரு மனிதர் ஓர் அட்டைப்படத்தை மறுத்தார் என்பது சிறிய விஷயமல்ல.

இந்தத் துள்ளல்தான் என் பிரச்னை. ரகசியம் காப்பாற்றப்பட்டது, அதிர்ச்சி பலித்தது, சரி. அந்த அதிர்ச்சியின் உள்ளடக்கம் என்ன? அன்று பார்த்தவர்கள் சுமார் தொண்ணூறு லட்சம் பேர். அவர்களில் ஸைபர்மேன்களை முன்பின் அறியாதவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அந்தக் கடைசி விநாடிகளில் தெரிந்தது வெள்ளிக் கவசம் அணிந்த ஓர் ஆசாமி, அவ்வளவே. அதிர்ச்சி திரையில் இல்லை, பார்ப்பவனின் ஞாபகத்தில் இருந்தது. திரை ஒரு பெயரைச் சொன்னது. மிச்சத்தை ரசிகனே போட்டு நிரப்பிக்கொண்டான். இதைக் கலை அனுபவம் என்பதா? அல்லது தெரிந்தவரை எதிர்பாராமல் தெருவில் பார்த்துவிட்ட சந்தோஷம் என்பதா?

டெலிவிஷன் தொடருக்கெல்லாம் இத்தனை விசாரணை எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஜனரஞ்சகத்தை ஒதுக்கிவிட்டு நடப்பது சௌகரியம். ஆனால் வாசக மனம் எப்படி வேலை செய்கிறது என்பது கூட்டம் கூடும் இடத்தில்தான் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. நம்முடைய இடத்தில் அது சற்று நாசூக்காக மறைந்துகொள்கிறது, இல்லாமல் போய்விடுவதில்லை.

*

ரசிகனின் ஞாபகம் என்றேன். எதன் ஞாபகம்? 1982-ல் பன்னிரண்டு பதினான்கு வயதான ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். 1975-ல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஸைபர்மென்' கதையைச் சிறுபிள்ளையாக அவன் பார்த்திருக்கலாம். ஸைபர்மேன்கள் பேர்பெற்றது 1966-க்கும் 1968-க்கும் இடைப்பட்ட கதைகளில். அவற்றை அவன் பார்த்திருக்க வழியில்லை. மறு ஒளிபரப்பு அபூர்வம். 1981-ன் இறுதியில் பி.பி.ஸி.யின் இரண்டாவது சானல் இந்தத் தொடரின் ஐந்து கதைகளை மறுபடி காட்டியது. அவற்றில் ஸைபர்மேன் கதை ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, அறுபதுகளில் பதிவானவற்றில் பலவற்றை பி.பி.ஸி.யே அழித்துவிட்டிருந்தது. வீடியோ நாடா விலை அதிகம், அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். வெளிநாட்டு விற்பனை முடிந்த பிலிம் பிரதிகள் இடத்தை அடைத்தன. தூக்கி எறிந்தார்கள். எழுபதுகளின் பிற்பகுதிவரை இது நடந்தது.

எனவே அந்தப் பையன் ஸைபர்மேன்களை அறிந்தது காகிதத்தில். டார்கெட் வெளியீடாக வந்த மலிவு விலை நாவல்கள் அவனுடைய பழைய ஏற்பாடு. ஸைபர்மேன்களைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெரி டேவிஸ் தாமே எழுதியவை அவற்றில் மூன்று. ஒன்று 1975-ல், அடுத்தது 1976-ல், இன்னொன்று 1978-ல். அதற்குமேல் சில புகைப்படங்கள், அண்ணன்மார்கள் சொன்ன கதைகள். இவற்றிலிருந்து அவன் மனசுக்குள் கட்டிக்கொண்ட பிம்பம்தான் 1982 மார்ச்சில் 'திரும்பி வந்தது'. தான் பார்த்திராத ஒன்றை அவன் அடையாளம் கண்டுகொண்டான்.

இதில் பரிகாசத்துக்கு எதுவுமில்லை. இழப்பிலிருந்து பிறந்த கற்பனை அது; அதற்கு ஒரு கௌரவம் உண்டு. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். 1983 ஈஸ்டரில், தொடரின் இருபதாம் ஆண்டை ஒட்டி, லாங்லீட் என்ற இடத்தில் பி.பி.ஸி. ஒரு விழா நடத்தியது. எதிர்பார்த்ததைப்போலப் பல மடங்கு கூட்டம். எந்தக் கதை முதலில் வீடியோவாக வர வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டார்கள். 1967-ல் ஒளிபரப்பான 'தி டூம் ஆஃப் தி ஸைபர்மென்' என்று பதில் வந்தது. அந்தக் கதை அப்போது ஆவணக் கிடங்கில் இல்லை. அழிந்ததாகவே கருதப்பட்டது. இல்லாத ஒன்றுக்குத்தான் அதிக வாக்கு. கடைசியில் அந்த ஆண்டு அக்டோபரில் கையிலிருந்த 1975-ம் வருஷத்து ஸைபர்மேன் கதையை வெளியிட்டார்கள்.

காணாமல் போன அந்தக் கதை 1991-ன் இறுதியில் ஹாங்காங்கிலிருந்து கிடைத்தது. 1992 மே மாதம் வீடியோவாக வந்து அமோகமாக விற்றது. பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். உறைந்துகிடக்கும் ஸைபர்மேன்கள் தேன்கூடு போன்ற அறைகளின் மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் காட்சி இன்றைக்கும் உடம்பைக் கூசவைக்கிறது. மற்றபடி, தூக்கி எறியப்படும் ஆளின்மேல் கட்டிய கம்பி தெரிகிறது. ஏறத்தாழ வாய்பேசாத கறுப்பு அடியாள் ஒருவன் பலசாலியாக நின்று உயிரையும் கொடுக்கிறான். 1967-ல் அதை யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. 'நினைத்த அளவுக்கு இல்லை' என்றார்கள் சிலர். எந்த அளவுக்கு? அவர்கள் பிடித்திருந்த அளவுகோல் அந்தப் படமல்ல. படம் இல்லாமலிருந்த அந்த நீண்ட வருஷங்கள்தான் அளவுகோல். கதையின் மீது அவர்களுக்கு இருந்த பக்திக்குக் கதையே இடைஞ்சலாக வந்து சேர்ந்தது.

*

நம் மொழியில் 'ரசிகன்' என்ற சொல் ரசத்திலிருந்து வருவது. சுவைப்பவன், சுவைக்கத் தன்னைத் தயார் செய்துகொண்டவன். டி.கே.சி.யை 'ரசிகமணி' என்றழைத்தது இந்த அர்த்தத்தில். பிறகு இதே சொல் சினிமாக் கொட்டகை வாசலில் மன்றப் பலகை ஏறியது. ஆங்கிலத்தின் 'ஃபேன்' வேறு திசையிலிருந்து வந்தது. 'ஃபனாடிக்' என்பதன் சுருக்கம் அது, வெறியன் என்று பொருள். சுவைஞன் கீழிறங்கியும் வெறியன் மேலேறியும் இரண்டு சொற்களும் இன்று ஒரே படியில் சந்தித்துக்கொள்கின்றன. அந்தப் படியில் நிற்பவன் சுவைஞனுமல்ல, வெறியனுமல்ல. காவல்காரன். சாவி தன்னிடம் இருக்கிறது என்று நினைப்பவன்.

1976-ல் நடந்ததைப் பார்க்கலாம். 'டாக்டர் ஹூ'வுக்கு ஒரு ரசிகர் சங்கம் அந்த வருஷம் ஏற்பட்டது. அதே வருஷம் அக்டோபர் நவம்பரில் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'தி டெட்லி அஸாஸின்' ஒளிபரப்பாயிற்று. அதிலும் பழைய வில்லன் ஒருவன் திரும்பி வருகிறான்: மாஸ்டர். மாஸ்டராக நடித்த ரோஜர் டெல்காடோ 1973-ல் விபத்தில் இறந்துபோனார். ஹோம்ஸ் அவருக்கு ஒரு நகலைத் தேடவில்லை. சதை அழுகி, கண்கள் பிதுங்கி, சாகும் தறுவாயில் வெறுப்பால் மட்டுமே உயிர்வைத்திருக்கும் ஒரு பிணமாக மாஸ்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார். டாக்டரின் இனத்தவர்களான காலப்பிரபுக்களைத் தெய்வாம்சம் பொருந்தியவர்களாக அல்லாமல், மறதிக்காரக் கிழட்டு அரசியல்வாதிகளாகக் காட்டினார். சங்கத்தின் தலைவருக்கு வந்தது கோபம். இதுவரை சொல்லப்பட்டதற்கெல்லாம் விரோதமானது இது என்று கடுமையாக எழுதினார். பல வருஷங்களுக்குப் பிறகு அதே ரசிகர் உலகம் அந்தக் கதையைத் தொடரின் உச்சங்களில் ஒன்று என்று கொண்டாடத் தொடங்கியது. கதை மாறவில்லை. அது சொன்னது இதற்குள் 'தெரிந்தது' ஆகிவிட்டது. காவலுக்கு உட்பட்ட சொத்தில் சேர்ந்துவிட்டது.

1976-ல் கோபம், 1982-ல் குதூகலம். இரண்டுக்கும் வேர் ஒன்று. எனக்குத் தெரிந்ததோடு இது பொருந்துகிறதா என்ற ஒரே கேள்வி. பொருந்தினால் துள்ளல், பொருந்தாவிட்டால் துரோகம்.

'எர்த்ஷாக்'கின் இரண்டாம் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. ஸைபர்மேன்கள் ஒரு திரையின் முன் நின்று டாக்டரின் பழைய தோற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அறுபதுகளின், எழுபதுகளின் கதைத்துண்டுகள் ஓடுகின்றன. ரசிகர்கள் இந்தக் காட்சியில் சொக்கிப்போனார்கள். கூடவே கணக்கும் போட்டார்கள்: கதை நடப்பது 2526-ம் ஆண்டில், 1975-ம் வருஷத்துக் கதையிலிருந்து எடுத்த துண்டு அதற்குப் பிந்திய காலத்தில் நிகழ்வதல்லவா, அது எப்படி இவர்கள் கைக்கு வந்தது? நல்ல கேள்விதான். ஆனால் கண்ணெதிரே இருந்த ஒன்றை விட்டுவிட்டார்கள். உணர்ச்சியை அறுத்தெறிந்த ஒரு கூட்டம் திரைக்கு முன் நின்று பழைய பகுதிகளைப் பார்த்து, 'அவனேதான்' என்று அடையாளம் காண்கிறது. அதற்குமேல் அந்தப் படத்துண்டுகளால் அவர்களுக்குப் பயனில்லை. அந்தக் காட்சி ரசிகனுக்கு வைத்த விருந்து என்று எல்லோரும் சொன்னார்கள். ரசிகனின் உருவப்படமும் அதுவேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இனி அந்தச் சிறுவனுக்கு வருகிறேன். அவனைப் பேசாமல் இந்தக் கதையைப் பேசுவது அநியாயம்.

அட்ரிக். வேற்றுலகத்துப் பையன், 1980 முதல் டாக்டரோடு பயணம் செய்பவன். கணக்கில் கெட்டிக்காரன். அதற்காகக் கிடைத்த பாட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டே திரிகிறான். கொஞ்சம் சிடுமூஞ்சி, கொஞ்சம் தற்பெருமை, எப்போதும் பசி. தன்னை யாரும் மதிப்பதில்லை என்ற குறை. 'எர்த்ஷாக்' தொடங்கும்போதே டாக்டரோடு சண்டைபோட்டுக்கொண்டு, ஊருக்குப் போகிறேன் என்று கணக்குப் போட உட்கார்கிறான். ரசிகர்களில் கணிசமானவர்களுக்கு அவனைப் பிடிக்காது.

முடிவு இது. ஸைபர்மேன்கள் கைப்பற்றிய சரக்குக் கப்பல் பூமியில் மோதப் பாய்கிறது. அதைப் பூட்டியிருக்கும் சங்கேதங்களில் ஒன்றை அவிழ்த்தால் திசைதிருப்பலாம். எல்லோரும் தப்பிப் போகும்போது கடைசி விநாடியில் அட்ரிக் குதித்துத் திரும்புகிறான். கணக்கை முடித்துவிடலாம் என்று நம்புகிறான். ஏறத்தாழ முடித்தும்விடுகிறான். சாகக்கிடக்கும் ஒரு ஸைபர்மேன் விசைப்பலகையைச் சுட்டுப் பொசுக்குகிறது. பையன் கையில் இறந்துபோன அண்ணனின் இடுப்புக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தன் விடை சரியா என்று இனித் தெரியப்போவதில்லை என்ற வருத்தம்தான் அவன் கடைசியாகச் சொல்வது. கப்பல் ஆறரைக் கோடி வருஷம் பின்னால் நழுவியிருக்கிறது. அது மோதித்தான் டைனஸார்கள் அழிந்தன. தடுத்திருக்கக் கூடாத ஒன்றைத் தடுக்க முயன்று அவன் சாகிறான். அதுவும் அவனுக்குத் தெரியாது. இன்னோரிடத்தில் டாக்டர் அவனுடைய பாட்ஜை நொறுக்கி ஸைபர்மேன் தலைவனின் மார்பில் தேய்த்துக் கொல்கிறார். பாட்ஜ் தங்கம், ஸைபர்மேன்களுக்குத் தங்கம் ஆகாது. எழுத்துக்கள் ஓடும்போது வழக்கமான இசை இல்லை. உடைந்த பாட்ஜ் தரையில் கிடக்கிறது. நிசப்தம்.

மார்ச் 16 இரவு அழுத குழந்தைகள் நிறைய. அது இயல்பு. ரசிகர்களுக்குள் ஒரு சாரார் சந்தோஷப்பட்டார்கள். அதை ஒளிக்கவும் இல்லை. ஒழிந்தான் சனியன் என்ற தொனியில் வருஷக்கணக்கில் வேடிக்கை பேசினார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தனக்குத் தெரிந்ததை மார்பில் குத்திக்கொண்டு திரியும் பையன். தகவலில் துல்லியமும் பழக்கத்தில் அசட்டுத்தனமும் கொண்டவன். பெரியவர்களிடமிருந்து ஒரு பாராட்டுச் சொல்லுக்கு ஏங்கித் தன் விடை சரிதானா என்று கேட்டுக்கொண்டே சாகிறவன். இவன் யார்? துள்ளிய அந்தப் பையன்களில் ஒருவன் அல்லவா? ஒரே கதையில் ஸைபர்மேன்களை அவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களையே எடுத்துக்கொண்டது அந்தத் தொடர். வந்தது தெரிந்தது. போனது தெரியவில்லை. தெரிந்தவர்களை வரவேற்கும் அவசரத்தில் தங்கள் முகத்தை அவர்கள் அடையாளம் காணத் தவறிவிட்டார்கள்.

நான் இந்தக் கதையைப் பார்த்தது வெகு காலம் கழித்து, ஒளிநாடாவில். ரகசியம் ஏதும் மிச்சமில்லை. ஸைபர்மேன் வருவது உறையிலேயே அச்சாகியிருந்தது. முதல் பகுதியின் முடிவு எனக்கு வெறும் தகவலாகப் போயிற்று. நாலாவது பகுதியின் நிசப்தம் அப்படிப் போகவில்லை. ஆச்சரியம் ஒருமுறைதான் பலிக்கும் சரக்கு. அது கழிந்தபிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் ஒரு படைப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.

*

தயாரிப்பில் இருந்தவர்கள் மிஞ்சியதைக் கற்றுக்கொள்ளவில்லை, துள்ளலைக் கற்றுக்கொண்டார்கள். 1983-ன் கதை வரிசையில் ஒவ்வொரு கதையிலும் பழையது ஏதாவது ஒன்று திரும்பி வந்தது. 1985 ஜனவரியில் 'அட்டாக் ஆஃப் தி ஸைபர்மென்'. பழைய வரலாற்றில் ஊறிய ஒரு ரசிகரின் ஆலோசனையும் அதற்குக் கிடைத்தது. 1963-ல் தொடர் தொடங்கிய அந்தப் பழைய இரும்புக்கடை முற்றம் அதில் வருகிறது. 1967-ன் கல்லறைகள் வருகின்றன. 1966-ல் அழிந்த மோண்டஸ் கிரகத்தை அழியாமல் காப்பாற்ற ஹேலி வால்நட்சத்திரத்தைப் பூமிமேல் மோதவிடத் திட்டம் போடுகிறார்கள். இத்தனையும் தெரிந்தவனுக்குத்தான் கதையே புரியும். மற்றவன் வாசலில் நிற்க வேண்டியதுதான். 1967-ல் ஸைபர்மேன்களின் அதிபதியாக நடித்த மைக்கேல் கில்கேரிஃபையே தேடிப்பிடித்து மீண்டும் நடிக்க வைத்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அவருக்குத் தொந்தி விழுந்திருந்தது. உலோக உடுப்பு அதை மறைக்கவில்லை. ரசிகர்கள் சிரித்தார்கள். யாருக்காக அவரைக் கூட்டிவந்தார்களோ அவர்களே.

முதல் பகுதியை 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் 72 லட்சம். பிப்ரவரி இறுதியில், தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைப்பதாகச் செய்தி வந்தது. செலவு, வன்முறை, அலுப்பு என்று காரணங்கள் பல. ஒரு கதையின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது நியாயமல்ல. ஆனால் ஒரு படைப்பு தன்னை அறிந்தவர்களோடு மட்டும் பேசத் தொடங்கும்போது, அறிந்தவர்களுக்கும் அது சொல்ல ஒன்றுமில்லாமல் போகிறது. இதை நிரூபிக்கப் பார்வையாளர் எண்ணிக்கை தேவையில்லை.

ஸைபர்மேன் என்ற கற்பனையே இதைப் பற்றியதுதான் என்பது விசித்திரம். கிட் பெட்லர் என்ற லண்டன் கண் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜெரி டேவிஸுடன் சேர்ந்து உருவாக்கியது அது. உடம்பில் பழுதான உறுப்பை எடுத்துவிட்டுச் செயற்கை உறுப்பு வைத்துக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் மனிதன் இல்லாமல் போவான் என்ற பயம் அவருடையது. 1966 அக்டோபரில் 'தி டென்த் பிளானட்' வந்தது. கேப் டவுனில் முதல் இதயமாற்று சிகிச்சை நடந்தது 1967 டிசம்பரில். முதல் ஸைபர்மேன்களின் முகம் உலோகமல்ல, துணி. கைகள் மனிதக் கைகள். ஏற்ற இறக்கம் இடம்மாறி விழும் குரல். விண்வெளியில் சிக்கிய இருவரைச் சாகவிடுகிறீர்களே என்று ஒரு பெண் கேட்கிறாள். உங்கள் உலகத்தில் எங்கும் மனிதர்கள் செத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், அவர்களுக்காக நீ கவலைப்படவில்லையே என்கிறது ஸைபர்மேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை. அந்த எதிரி நம் பக்கத்திலிருந்து வந்தவன், நாமே ஆகக்கூடியவன்.

1982-ல் திரும்பியபோது அந்தக் கேள்வி திரும்பி வரவில்லை. கவசம் பளபளத்தது, குரல் கனத்தது, தலைவன் தன் திட்டம் பலிக்கும்போதெல்லாம் திருப்தியோடு மெச்சிக்கொண்டான். உணர்ச்சி அற்றவன் இப்படிக் குஷிப்படலாமா என்று ரசிகர்களே கிண்டல் செய்தார்கள். பெட்லர் இதைப் பார்க்கவில்லை. 1981 மே மாதம் இறந்துவிட்டார். பழைய உறுப்புகளை எடுத்துப் பொருத்திக்கொண்டு, வலி இல்லாமல், ஏன் என்ற கேள்வி இல்லாமல் தொடர்ந்து நடந்துகொண்டிருப்பது ஸைபர்மேனின் லட்சணம். 1985-ல் தொடருக்கே அந்த லட்சணம் வந்துவிட்டது.

*

ஒரு மறுப்பு எழும். அடையாளம் காண்பது இல்லாமல் கலை ஏது? கச்சேரியில் ராகம் தெரிந்தவனுக்கல்லவா ஆலாபனை? வாஸ்தவம். ஆனால் முதல் பிடியிலேயே ராகத்தின் பெயரைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் முணுமுணுத்துவிட்டு, அதற்குப்பின் எதையும் கேட்காமல் தலையாட்டிக்கொண்டிருப்பவரையும் நாம் பார்த்திருக்கிறோம். பெயர் தெரிவது வாசல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்பவனை என்ன சொல்வது?

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் அதே தொடரில் கிடைக்கிறது. 2017 ஜூன் 24 அன்று ஸ்டீவன் மொஃபட் எழுதிய 'வேர்ல்ட் எனஃப் அண்ட் டைம்' ஒளிபரப்பாயிற்று. அதில் இரண்டு வில்லன்கள் திரும்பி வந்தார்கள். ஒருவன் ஜான் ஸிம் நடித்த பழைய மாஸ்டர். இன்னொன்று 1966-ன் துணிமுக ஸைபர்மேன்கள். இரண்டையும் பல வாரங்களுக்கு முன்பே பி.பி.ஸி. அறிவித்துவிட்டது. 1982-ன் ரகசியத்தில் ஒரு துளிகூட இல்லை. அறிவிப்பு வந்த அன்றே ரசிகர்கள் துள்ளி முடித்துவிட்டார்கள். ஒரு பகுதியினர், எல்லாவற்றையும் விளம்பரத்தில் கொட்டிவிட்டார்களே என்று கோபப்பட்டும் முடித்துவிட்டார்கள்.

பிறகு கதை வந்தது. பில் பாட்ஸ் என்ற இளம்பெண் மார்பில் சுடப்படுகிறாள். கப்பலின் அடித்தளத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே தலையில் துணி சுற்றிய நோயாளிகள் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். வலி என்ற சொல்லை இயந்திரக் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தாதி வருகிறாள். வலியைக் குறைக்கவில்லை. குரலின் ஒலியைக் குறைத்துவிட்டுப் போகிறாள். பில் செயற்கை இதயத்தோடு, டாக்டர் வருவார் என்று அங்கே பத்து வருஷம் காத்திருக்கிறாள். அவர் வந்து சேரும்போது எதிரே நிற்கும் துணிமுக ஸைபர்மேன் அவள்தான்.

வில்லன் வருவது எல்லோருக்கும் தெரியும். வில்லன் யாராக வரும் என்பது தெரியாது. இங்கேதான் பெட்லரின் கேள்வி முழுசாகத் திரும்பி வந்தது. ரசிகர்களின் எதிர்வினையும் வேறு விதமாக இருந்தது. ஆண்டுக் கணக்குப் போட்டவர்கள் இங்கும் உண்டு. ஆனால் ஒரு கறுப்பினப் பெண்ணை, பெண்களை நேசிக்கும் பெண்ணை, இப்படிச் சிதைத்துக் காட்டுவது சரியா என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு நான் முழுக்க உடன்படவில்லை. கதை அவள் பக்கம்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அது மதிக்கத்தக்க கேள்வி. பழைய கதையோடு பொருந்துகிறதா என்று கேட்காமல், இந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது அது. 1982-ல் அட்ரிக்கைப் பற்றி யாராவது இப்படிக் கேட்டிருக்கலாம்.

நான் அந்நிய தேசத்துச் சிறுவர்களின் குதூகலத்தைப் பழிக்க இத்தனையும் எழுதவில்லை. பத்து வயதில் துள்ளாதவன் நாற்பதில் எதையும் படிக்கப்போவதில்லை. துள்ளலையே ரசனை என்று நிலைநாட்டி, அதற்குச் சங்கமும் அளவுகோலும் வைத்துக்கொள்வதைப் பற்றித்தான் பேச்சு. நூறு பேர் வாசிக்கும் நம் பத்திரிகைகளிலும் இது நடக்கிறது. ஒரு கவிதையில் தெரிந்த பெயர் ஒன்று, முன்னோடி ஒருவரின் படிமத்தின் சாயல் ஒன்று தலைகாட்டினால் போதும். உட்கார்ந்த இடத்தைவிட்டுத் துள்ளுகிறோம். கண்டுபிடித்துவிட்டோம் என்று கடிதம் எழுதுகிறோம். அந்தக் கவிதையில் யார் செத்துப்போனார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை.